பழசே போதும்

அன்று கடையில் இருந்தவர்கள் நான்கு பேர்: ஓய்வுபெற்ற நில அளவையாளர், அவருடைய ஒரே மகள், மருமகன், மேசைக்குப் பின்னால் பழுதுபார்ப்பவர். அளவையாளர் அவர்களை மனத்துக்குள் இரண்டு முறை எண்ணிச் சரிபார்த்துக்கொண்டார். முப்பத்து நான்கு வருடம் நிலம் அளந்தவர். ஓர் அடி பிசகியதில்லை. இப்போது எண்ணாமல் இருக்கப் பயம்.

மேசைமேல் அவருடைய டேப்லெட் திரை பிதுங்கிக் கிடந்தது.

“பேட்டரி உப்பிடுச்சு சார். மாத்தித் தரேன். ஆனா ஏழு வருஷப் பழசு, ரொம்ப நாள் ஓடாது,” என்றார் பழுதுபார்ப்பவர்.

“புதுசே வாங்கிடலாம் மாமா,” என்றார் மருமகன். “உள்ள இருக்கறதை நானே ஒவ்வொண்ணாப் பாத்து மாத்திக் குடுக்கறேன்.”

டேப்லெட்டுக்குள் அளவையாளரின் பட்டியல் ஒன்று இருந்தது. தினமும் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு அதைப் படித்த பிறகுதான் அவர் கூடத்துக்கு வருவார். யார், என்ன முறை, என்ன அடையாளம் என்று அவரே எழுதிவைத்தது. ‘சத்தமாகச் சிரிப்பவர், மருமகன். நல்லவர்.’ அது அந்த மருமகன் கண்ணிலேயே பட்டால்? இத்தனை நாள் அளவையாளர் சொல்லுக்குக் கட்டுப்பட்ட உறவு முழுக்க நாளைக்கு அவரைப் பார்த்து உச்சுக்கொட்டும்.

“பேட்டரியே மாத்துங்க,” என்றார் விறைப்பாக.

“லாக் நம்பர் சொல்லுங்க சார்.” பழுதுபார்ப்பவர் வெள்ளை நாடாவில் ஒரு துண்டு கிழித்து டேப்லெட்டின் முதுகில் ஒட்டி, பேனாவைத் திறந்தார். எது வந்தாலும் எண்ணை அப்படி எழுதி ஒட்டுவதுதான் அவர் வழக்கம்.

விரலுக்குத் தெரிந்த எண் அளவையாளரின் வாய்க்கு வரவில்லை. மடியில் விரலை அசைத்துப் பார்த்தார். விரலும் கைவிட்டது.

“என்ன மாமா, எங்ககிட்டகூட ரகசியமா?” மருமகன் சத்தமாகச் சிரித்தார்.

“ஏழு, ரெண்டு, ஒண்ணு, நாலு,” என்றாள் மகள், அந்தச் சிரிப்புச் சத்தத்துக்குள் தணிந்த குரலில்.

அளவையாளர் திடுக்கிட்டுத் திரும்பினார். அவள் குனிந்து அவருக்கு மட்டும் கேட்கும்படி, “எம்பேருக்கு நேரா ‘கோபக்காரி’ன்னு எழுதியிருக்கீங்களே, நியாயமாப்பா?” என்றாள். அவர் கையைப் பற்றிய அவள் கையும் சில்லிட்டிருந்தது.

பிறகு நிமிர்ந்து கணவனிடம், “புதுசெல்லாம் வேணாங்க. அப்பாவுக்கு இதுதான் பழக்கம்,” என்றாள். வேலை முடியும்வரை அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. எண் எழுதிய நாடாவை அவளே உரித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

அப்பாவுக்கு ஒரு புது டேப்லெட் வாங்கித்தர மகளுக்கு மனசு வரவில்லை என்று உறவில் ஒரு பேச்சு உண்டு. அது பொய்.