பென் டிரைவில் இரண்டு நாள்

எனக்குப் பொறுமை கிடையாது. எதிரில் இருப்பவர் பேசி முடிப்பதற்குள் 'சரி சரி' என்று எழுந்துவிடுவேன். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்ததோ, கண் திறக்கவே இருபது நிமிடம் எடுக்கும் லேப்டாப். இரண்டு ஜிபி ராம். பேட்டரி செத்து வருடமாகிறது. அதனால் ஒயரை உருவவே மாட்டேன். அணைக்கவும் மாட்டேன், மூடி மட்டும் வைப்பேன்.

வேலையை விட்டு எட்டு வருடம் வீட்டிலிருந்த பிறகு ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்தும் வேலைக்குக் கூப்பிட்டார்கள். சோதனைக்கு ஒரு புத்தகம், இருநூறு பக்கம். வெள்ளிக்கிழமைக்குள் ஒழுங்காக முடித்தால் வேலை நிரந்தரம். அதற்கு நான் ஏங்கிய ஏக்கம் எனக்குத்தான் தெரியும். லேப்டாப்போ ஒவ்வொரு பக்கத்துக்கும் என்னை டீ குடித்துவிட்டு வரச் சொன்னது.

புதன்கிழமை காலை, லிஃப்ட் மெக்கானிக்கான என் தம்பி ஒரு பென் டிரைவைச் செருகிவிட்டு உட்கார்ந்தான்.

"இது லினக்ஸ்க்கா, விண்டோஸுக்குப் பதிலா ஓடும், ரொம்ப லேசானது. இப்போதைக்கு பென் டிரைவுலேருந்தே ஓடும். ஓட்டிப் பாரு, பிடிச்சிருந்தா..."

"பிடிச்சிருக்குடா, கிளம்பு."

அடேயப்பா, என்ன வேகம்! மெயிலிலிருந்து புத்தகத்தை இறக்கி உட்கார்ந்தவள் வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கடைசிப் பக்கத்தையும் முடித்துவிட்டேன். பக்கத்துக்குப் பக்கம் மறக்காமல் சேவ் செய்திருந்தேன். என்னையே மெச்சிக்கொண்டிருந்தபோது தம்பி போன் செய்தான்.

"லினக்ஸ லேப்டாப்புல ஏத்திட்டியாக்கா?"

"எதுக்கு ஏத்தணும்? புத்தகமே முடிஞ்சுபோச்சு."

அவன் மெதுவாகச் சொன்னான். "ஏத்தலைன்னா நீ சேவ் பண்ணதெல்லாம் ராம்லதான் இருக்கு. கரண்ட் போச்சுன்னா ஒரு எழுத்து மிஞ்சாது. அன்னைக்கே சொல்ல வந்தேன், நீ எங்க பேச விட்ட?"

அதே நேரம் கூடத்திலிருந்து என் வீட்டுக்காரரின் குரல்: "மெயினை ஆஃப் பண்ணலாமா?"

அவர் எலக்ட்ரீஷியன். எங்கள் வீட்டு ஸ்விட்ச் போர்டை மாற்ற அவருக்கு அன்றைக்குத்தான் நேரம் கிடைத்திருந்தது. தொண்டை வரை வந்த 'ஐயோ'வை அப்படியே விழுங்கினேன். வீட்டில் யாராவது அலறினால் அவர் ஷாக் என்றுதான் நினைப்பார். கை தானாக மெயினுக்குப் போய்விடும். போன தடவை நான் கரப்பான்பூச்சிக்குக் கத்தியதற்கே வீடு இருண்டது.

பூனை மாதிரி நடந்து போய், தேனொழுகச் சொன்னேன். "ஏங்க, ஒரு அஞ்சு நிமிஷம் பொறுத்துக்கோங்களேன்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "நான் என்ன தப்பு பண்ணேன்?"

"ஒண்ணுமில்லைங்க. அந்த ஸ்விட்சுலேருந்து கைய மட்டும் எடுங்க."

ஸ்டூலிலிருந்தே இறங்கி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் போய் மெயிலில் புத்தகத்தை இணைத்தேன். நீலக் கோடு ஊர்ந்து முடியும்வரை மூச்சே விடவில்லை. போய்ச் சேர்ந்தது. "இப்போ ஆஃப் பண்ணுங்க" என்றேன். திரை இருண்டது. இரண்டு நாள் உழைப்பு அதிலிருந்து சுத்தமாகத் துடைபட்டுப் போனது.

மூன்று மணிக்குப் பதிப்பகத்திலிருந்து போன் வந்தது. பேசி முடித்ததும் சுவரோடு சாய்ந்து அழுதேன். ஸ்க்ரூடிரைவரைப் போட்டுவிட்டு அவர் ஓடிவந்தார்.

"என்னம்மா, புத்தகம் போயிருச்சா?"

"இல்லைங்க. எப்போலேருந்து வேலைக்கு வர்றீங்கன்னு கேட்டாங்க. என்கிட்ட ஒருத்தர் அப்படிக் கேட்டு எட்டு வருஷமாச்சுங்க."