இருமலுக்கு ஏறிய விலை

பழைய சாமான் கடையில் ஏலம் கூறுபவருக்கு ‘வெண்கலம்’ என்று பட்டப்பெயர் வைத்தவர்கள் அவர் குரலைத்தான் கேட்டிருந்தார்கள், மூச்சைக் கேட்டதில்லை. சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. சட்டைப்பையில் இன்ஹேலரோடு எப்படியோ காலம் தள்ளினார், போன மழைக்காலம் வரை.

அந்த மழையில் கிடங்கின் பின்சுவர் ஊறி, கம்பளங்களிலும் மெத்தைகளிலும் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சை படர்ந்தது. முதலாளி துடைக்கவிடவில்லை. “பழசுங்கறதுக்கு அதான்யா அத்தாட்சி” என்று விலையை ஏற்றினார். அங்கேதான் வெண்கலத்துக்கு இருமல் பிடித்தது. கூடவே காய்ச்சல், இளைப்பு. இருமினால் ரப்பர் துண்டு போலப் பழுப்பாகக் கெட்டிச் சளி வந்தது.

ஒருநாள் “ஒரு தரம்... ரெண்டு தரம்...” என்றவர் மூன்றாவதற்கு வாயெடுக்கும்போது இருமல் முந்திக்கொண்டது. அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு திணறிய இடைவெளியில் பின்வரிசையிலிருந்து ஒருவர் விலையை உயர்த்தினார். முன்வரிசைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. இருமல் அடங்குவதற்குள் ஓர் ஓட்டை அலமாரி அரண்மனைச் சொத்து விலைக்குப் போனது.

“நிதானமா இருமுய்யா, ஒண்ணும் அவசரமில்ல” என்றார் முதலாளி. தன் கையால் டீ வாங்கிக் கொடுத்ததும் அன்றைக்குத்தான்.

வெண்கலத்தின் மனைவிக்கு ஓர் அண்ணன். வேலை தபால் ஆபீசில் முத்திரை குத்துவது, தொழில் ஊருக்கெல்லாம் வைத்தியம் சொல்வது. வாசலில் நின்றபடியே இருமலைக் கேட்டுவிட்டு, “டி.பி.தான் மாப்ள” என்று முத்திரை குத்தினார். தெருமுனை டாக்டரும் எக்ஸ்ரேயில் வெள்ளைத் திட்டைக் கண்டதும், சளியில் கிருமி தேடும் சிரமம் எதற்கென்று அதையே வழிமொழிந்தார். மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கியதில் சிறுநீர் சிவந்ததுதான் மிச்சம். மச்சான் வரும்போதெல்லாம் மூக்கில் கைக்குட்டை இருக்கும். சாப்பிட உட்கார்ந்தால் மட்டும் அது மடிக்கு வந்துவிடும்.

தையல் கடை வைத்திருந்த மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் இருமலில் வந்த கட்டியை டப்பாவில் போட்டு மூடி, கணவரையும் இழுத்துக்கொண்டு நெஞ்சு நோய் மருத்துவரிடம் போனாள். அந்த அம்மாள் டப்பாவைத் திறந்து, நகைக்கடைக்காரர் கல்லைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எங்க வேலை பாக்குறீங்க?”

“ஏலக் கிடங்குல.”

“அங்க ஈரம், பூஞ்சை எல்லாம் உண்டா?”

“அங்க அசல் சரக்கே அது ஒண்ணுதான் டாக்டர்.”

கையில் ஊசியால் குத்திச் சோதித்தார்கள். பூஞ்சைச் சாறு பட்ட இடம் கொசு கடித்ததுபோல் தடித்தது. ரத்தத்தில் ஒவ்வாமையைக் காட்டும் ஐ.ஜி.இ. எக்கச்சக்கம். ஸ்கேனில் மூச்சுக்குழாய்கள் விரிந்து சளி அடைத்துக் கிடந்தன. டி.பி. கிருமி மருந்துக்கும் இல்லை.

“பூஞ்சைத் துகள் எல்லாரோட மூக்குலயும்தான் போகுது. உங்க உடம்பு மட்டும் அதோட மல்லுக்கு நிக்குது. அதுல இடிஞ்சது உங்க நுரையீரல்” என்றார் மருத்துவர்.

ஸ்டீராய்டு மாத்திரையை மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டே பல மாதம் சாப்பிட வேண்டும். இரண்டு மாதத்துக்கொருமுறை ரத்தப் பரிசோதனை. கிடங்குக்குள் தலைகாட்டக்கூடாது.

“கெட்டுப்போன ரொட்டிக்கு வர்றது மனுஷனுக்கு வருமா?” என்றார் மச்சான். தன் டி.பி.யைப் பறிகொடுத்த துக்கம் அவருக்கு.

வெண்கலம் கிடங்கு வாசலில் நின்று ஏலம் கூறினார். மூச்சு சீரானது. பசி ராட்சசப் பசியாகி, முகம் பூசணிக்காயாக உப்பியது. அடுத்த பரிசோதனையில் ஐ.ஜி.இ. பாதியாகக் குறைந்திருந்தது. மச்சான் தாளைப் பிடுங்கிப் பார்த்தார்.

“இன்னும் ஆயிரக்கணக்குல நிக்குதே! மருந்து கேக்கவே இல்ல. எலும்பை வேற அரிச்சிடும். நிறுத்திடு மாப்ள.”

இருமல் நின்றதும் விலை ஏறாமல் போன ஏக்கத்தில், “நீ முன்ன மாதிரி இல்லய்யா” என்று முதலாளியும் புலம்பினார். இரண்டு மேதைகள் ஒருமுகமாகச் சொல்லும்போது மறுப்பதற்கு வெண்கலம் யார்? மனைவிக்குத் தெரியாமல் மாத்திரையை நிறுத்தினார். கிடங்குக்குள்ளும் போனார்.

சில வாரம் கழித்து, ஒரு கட்டிலை ஏலம் விடும்போது இருமல் வந்தது, போகவில்லை. உதடு நீலம் பாரித்து, அந்தக் கட்டிலின் மேலேயே சரிந்தார். “வேற யாராவது கேக்குறீங்களா?” என்று முதலாளி கூட்டத்தைப் பார்த்தார். கட்டில் வாங்க வந்த பெண்தான் முதலாளியைத் தள்ளிவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

நுரையீரலின் ஒரு பகுதி சளியடைத்துச் சுருங்கியிருந்தது. குறைந்திருந்த ஐ.ஜி.இ. இரண்டு மடங்காக ஏறியிருந்தது.

“அந்த அளவு எல்லாருக்கும் இருக்குற மாதிரி ஆகணும்னு நான் சொன்னேனா?” என்று மருத்துவர் பொரிந்தார். “கால்வாசி குறைஞ்சாலே மருந்து கேக்குதுன்னு அர்த்தம். பாதிக்குப் பாதி ஏறினா நோய் திரும்புதுன்னு அர்த்தம். அதைப் பாக்கத்தான் வரச் சொன்னேன், ஜோசியம் பாக்க இல்ல.”

இம்முறை ஸ்டீராய்டோடு பூஞ்சையை ஒடுக்கும் மாத்திரையும் சேர்ந்தது. நலம் விசாரிக்க வந்த மச்சான் வாயைத் திறக்குமுன் தங்கை சொன்னாள்: “அண்ணா, வந்தீங்களா, பாத்தீங்களா, கிளம்புங்க.”

முதலாளியும் வந்தார். “எப்பய்யா வேலைக்கு வர்ற?”

“அந்த மெத்தையெல்லாம் கொளுத்துங்க, வரேன்.”

“கொளுத்தறதா!” பெற்ற பிள்ளையைக் கேட்டதுபோல் துடித்துப்போய் எழுந்தவர், திரும்பி வரவில்லை.

இப்போது வெண்கலம் திறந்தவெளிக் காய்கறிச் சந்தையில் ஏலம் கூறுகிறார். ஐ.ஜி.இ. இறங்கியிருக்கிறது. விரிந்த மூச்சுக்குழாய்கள் இனிப் பழையபடி ஆகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதனால் தினமும் காலையில் அவர் குப்புறப் படுத்துச் சளியை வெளியேற்ற வேண்டும். மனைவிதான் முதுகில் தட்டிவிடுகிறாள், தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே ஓங்கி. ஏன் என்று கேட்கும் தைரியம் அவருக்கு இல்லை.