குளியலறையில் பிடித்த நேரம்

எக்கேஹார்டுக்கும் நேரத்துக்கும் என்றைக்குமே ஆகாது. தங்கை வீப்கேயின் கல்யாணத்துக்கே, கேக் வெட்டி முடித்த பிறகுதான் போய்ச் சேர்ந்தார் மனுஷன். இப்போது அவள் குழந்தைக்கு ஞானஸ்நானம், ஞானத்தகப்பன் அவர்.

"ஞாயித்துக்கிழமை பத்து மணின்னா பத்து மணிதான். லேட்டா வந்தீங்கன்னா என் கொழுந்தன் டெட்லெஃப் ஞானத்தகப்பனா நின்னு குழந்தைய வாங்கிக்குவாரு, அவ்வளவுதான்" என்று போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்.

அந்த டெட்லெஃபா? எக்கேஹார்டுக்கு வயிறு எரிந்தது.

போதாக்குறைக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் கோடைநேரம் தொடங்குகிறது. விடிவதற்குள் நாடு முழுக்கக் கடிகாரங்கள் ஒரு மணி முன்னே தாவிவிடும். வேறு வழியில்லாமல் ஒரு ரேடியோ அலாரக் கடிகாரம் வாங்கி வந்தார். நாட்டுக்கே நேரம் சொல்லும் மைன்ஃப்ளிங்கன் ரேடியோ கோபுரத்திலிருந்து வரும் சிக்னலைப் பிடித்து அதுவே திருத்திக்கொள்ளுமாம், கை வைக்கவே வேண்டாமாம்.

பாட்டரி போட்டதும் முட்கள் சுற்றோ சுற்றென்று சுற்றிப் பன்னிரண்டில் நின்றன. அப்புறம் அசைவேனா என்றன. கட்டில் பக்கம் வைத்தார், அலமாரி மேல் வைத்தார், ஒன்றும் நடக்கவில்லை. கான்கிரீட் சுவர் சிக்னலை உள்ளே விட்டால்தானே! கடைசியில் குளியலறை ஜன்னலில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். முட்கள் மெல்லக் கிளம்பி ஓடிச் சரியான நேரத்தில் நின்றன.

"அடி சக்கை! ரோஸ்வித்தா, இங்க வா, பிடிச்சிருச்சு!"

மனைவி எட்டிப் பார்த்தாள். "அதான் பிடிச்சிருச்சுல்ல, கொண்டாந்து கட்டில்கிட்ட வைங்க."

"நல்லா சொன்ன போ! நேரம் மாறுறப்ப சிக்னல் கிடைக்கலன்னா? இது இங்கயேதான் இருக்கும்."

"இங்க அடிச்சா உங்களுக்கு எப்படிங்க கேக்கும்? இடி விழுந்தாலே புரண்டு படுக்கிற ஆளு நீங்க."

"அப்ப நானும் இங்கயே படுத்துக்கறேன்."

படுத்தேவிட்டார், குளியல் தொட்டிக்குள், தலையணை போர்வையோடு.

காலையில் அலாரம் காதுக்குள் அலறியது. கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டது. அதற்கென்ன, டை கட்டி, கடிகாரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பத்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே ரோஸ்வித்தாவோடு தேவாலய வாசலில் நின்றார். கதவு பூட்டியிருந்தது. ஒரு ஈ காக்கை இல்லை.

"மோசம் போனேனே! ரெண்டு தடவ தாவிருச்சு இந்தச் சனியன்!"

ரோஸ்வித்தா தரையைப் பார்த்தாள். "அதத் திட்டாதீங்க. ஞானஸ்நானம் பதினொண்ணுக்குத்தான். உங்ககிட்ட எப்பவுமே ஒரு மணி முன்னாடிதாங்க சொல்லுவோம்."

"எப்பவுமேன்னா? கல்யாணத்துக்குமா?"

"அதுக்கு ரெண்டு மணி முன்னாடி."

எக்கேஹார்டுக்கு முகம் சிவந்துவிட்டது. கோபத்தைவிட வெட்கம்தான் பிடுங்கித் தின்றது.

"சரி வாங்க, பேக்கரியில காப்பி குடிச்சிட்டு வரலாம்."

"வேணாம். என்னைப் பத்தி எனக்குத் தெரியும். இங்கயே நிக்கறேன்."

குளிரில் அந்தப் படியைவிட்டு அசையவில்லை. வீப்கே குழந்தையோடு வந்தாள். பின்னாலேயே, தேய்த்த கோட்டில் தயாராக டெட்லெஃப்.

"அண்ணே! அதுக்குள்ள வந்துட்டீங்களா?"

"பத்துக்கு முன்னாடியே வந்து நிக்கறாருடி. உண்மைய இங்க வந்தப்புறந்தான் சொன்னேன்" என்றாள் ரோஸ்வித்தா.

வீப்கேயின் கண் கலங்கிவிட்டது. குழந்தையை அண்ணன் கையில் கொடுத்தாள். டெட்லெஃப் ஒதுங்கிக்கொண்டார்.

"இனிமே உங்ககிட்ட சரியான நேரத்தையே சொல்றேண்ணே."

கோணிய கழுத்தோடு குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த எக்கேஹார்ட் பதறிப்போனார்.

"ஐயையோ, அந்தத் தப்ப மட்டும் பண்ணிராதம்மா. கடிகாரம்தான் புதுசு. ஆளு பழசுதான்."