மறைத்து வைத்த ஐந்து படிகள்

பிரேமிளா அந்த வீட்டின் மேல் விழும் வெயிலைக் காலையிலிருந்து நாலு தரம் மாற்றிவிட்டாள். நிழல் கறுப்பாக இருக்கிறது என்றார் நளீர் சேர்; குறைத்தாள். வீடு சோகை பிடித்த மாதிரி தெரிகிறது என்றார்; கூட்டினாள். கண்ணாடிக்குள்ளால் உள்பக்கம் தெரிய வேண்டுமாம், சுவரோரக் கோடுகள் மெல்லிசாக வேண்டுமாம், மரம் வேண்டும் ஆனால் அது வாசலை மறைக்கக் கூடாதாம். வீட்டில் ஓர் அங்குலமும் மாறவில்லை. கணினித் திரையில் அது எப்படித் தெரிய வேண்டும் என்பதற்குத்தான் இத்தனை பாடு.

கட்டுகஸ்தோட்டைக்குப் போகும் வீதியில், மருந்துக்கடை ஒன்றுக்கு மேலே இரண்டாம் மாடியில் இருந்தது அவர்களுடைய அலுவலகம். நளீர் கட்டடக் கலைஞர். பிரேமிளா பதினொரு வருடமாக அவருக்கு வரைகிறாள். இந்த வீடு மடவளையில் கட்டப்போவது. ஓய்வு பெற்ற கையோடு அபீபா டீச்சர் சரிவான காணித்துண்டு ஒன்றில் தனக்கென்று கட்டும் வீடு. மூன்று மணிக்கு அவர் வந்து படங்களைப் பார்த்துச் சரி என்றால், திங்கட்கிழமை அத்திவாரம் வெட்டத் தொடங்குவார்கள்.

இரண்டு மணி தாண்டிய பிறகுதான் ஹோலில் சாப்பாட்டு மேசை இல்லாததைக் கவனித்தாள். எப்போதோ மறைத்து வைத்திருக்க வேண்டும். மறைத்தவற்றைக் காட்டும் பொத்தானை அழுத்தினாள். திரையின் ஓரமெல்லாம் சிவந்தது. மேசை வந்தது. அதோடு, ஹோலுக்கும் டீச்சரின் படுக்கையறைக்கும் நடுவில் ஐந்து சிவப்புக் கோடுகளும் வந்தன.

ஐந்து படிகள்.

அவளுக்கு நினைவு வந்தது. மூன்று கிழமைக்கு முந்தி, தலையிடியோடு வேலை செய்த ஒரு நாள். அளவு எண்கள் படிக்கோடுகளின் மேல் ஏறி வாசிக்க முடியாமல் கிடந்தன. படிகளை மறைத்துவிட்டு எண்களைச் சீராக்கினாள். திரும்பக் காட்ட மறந்துவிட்டாள். டீச்சர் பார்த்துக் கையெழுத்துப் போட்டது அந்தப் படத்தில்தான். அதில் ஹோலும் அறையும் ஒரே தரை மாதிரித்தான் கிடந்தன.

நளீரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் கதிரையை இழுத்துப் போட்டு, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார்.

"வீட்டைக் குறுக்கால வெட்டிக் காட்டுற படத்துல படி இரிக்கிதானே?"

"இருக்கு சேர். ஆனா டீச்சருக்கு அதைப் பார்த்து விளங்காது."

"ரெண்டு மாசமா இந்த வீட்டோட மல்லுக்கட்டுறோம், பிரேமிளா. இப்பச் சொன்னா முழுக்கத் திரும்ப வரையணும். கட்டி முடிஞ்சா பழகிருவாங்க. அதை மறைச்சிருங்க."

அவள் மறைத்தாள். திரை பழையபடி வெள்ளையானது. அவளுக்கும் திரும்ப வரையத் தெம்பில்லை, அதுதான் உண்மை.

மூன்று மணிக்கு மாடிப்படியில் டீச்சரின் குரல் கேட்டது. இரண்டு படி ஏறி, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி இரண்டு. வந்து உட்கார்ந்ததும் முழங்காலை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டார். நளீர் வெயில் விழும் படத்தைக் காட்டினார். "மாஷா அல்லாஹ், வடிவா இரிக்கி" என்றார் டீச்சர். அந்த நேரம் நளீரின் தொலைபேசி அடித்தது. அவர் அதை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார்.

பிரேமிளா தரைப்படத்தைத் திறந்தாள். பொத்தானை அழுத்தினாள்.

"இது என்ன மகள், சிவப்பா?"

"படி, டீச்சர். அஞ்சு படி. உங்க ரூம் கீழ இருக்கு. பாத்ரூம் மேல, ஹோல் பக்கம்."

"நான் கையெழுத்துப் போட்ட படத்துல இது இல்லையே?"

"நான்தான் மறைச்சேன். வேணும்னு இல்லங்க. திரும்பப் போட மறந்துட்டேன்."

டீச்சர் சிவப்புக் கோடுகளை விரலால் ஒவ்வொன்றாக எண்ணினார். "ராவுல மூணு தரம் எழும்புற ஆள் நான்" என்றார். "ஒவ்வொரு தரமும் அஞ்சு படி ஏறச் சொல்றீங்களா? இத்தனை நாளா நெழலைக் காட்டினீங்க, மரத்தைக் காட்டினீங்க. இதைக் காட்ட ஏலாமப் போச்சா?"

டீச்சர் நன்றி ஒன்றும் சொல்லவில்லை. கோபம் குறையாமலே எழும்பிப் போனார். எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த நளீர் தொலைபேசியோடு ஜன்னலோரத்திலிருந்து வந்தார். ஏசவில்லை. "சரி. முதல்ல இருந்து தொடங்குங்க" என்றார். அந்தக் கிழமை முழுக்க அவர்களுக்குள் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை.

டீச்சரின் அறை மேலே, ஹோல் மட்டத்துக்கு வந்தது. விருந்தினர் அறை கீழே போனது. பாரம் தாங்கும் வளையும் தூணும் குழாயும் இடம் மாறின; கட்டட அனுமதி கேட்டுப் பிரதேச சபைக்கு மறுபடி விண்ணப்பம் போனது. அத்திவாரம் ஐந்து கிழமை பிந்தியது. பிரேமிளாவுக்குப் பிழையைச் சொன்ன நிம்மதி வந்ததோ என்னவோ, கழுத்துவலி கட்டாயம் வந்தது.

விண்ணப்பம் போவதற்கு முன்பே, புதுப்படத்தில் கையெழுத்துப் போட டீச்சர் ஒரு நிபந்தனை வைத்தார்: பிரேமிளாவே காணிக்கு வந்து அறையைத் தரையில் காட்ட வேண்டும். லீவு நாளான சனிக்கிழமை, அவள் மடவளை பஸ்ஸில் நின்றுகொண்டே போனாள். முளை அடித்து, கயிறு கட்டி, கட்டில் இங்கே, பாத்ரூம் கதவு இங்கே என்று காட்டினாள். டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரப் புல்லில் கட்டிலிலிருந்து கதவுக்கும் கதவிலிருந்து கட்டிலுக்கும் நாலைந்து தரம் நடந்து பார்த்தார்.

"கதவை இன்னும் அரை அடி இந்தப் பக்கம் தள்ள ஏலுமா மகள்?"

கதவைத் தள்ளினால் ஜன்னல் நகரும், ஜன்னல் நகர்ந்தால் வளையைத் திரும்பப் பார்க்க வேண்டும். பிரேமிளா குனிந்து முளையைப் பிடுங்கினாள்.

"தள்ளலாம் டீச்சர்" என்றாள்.