கூரைப் புகையும் தாச்சிப் புகையும்

1

இந்தக் கதை என் குசினி ஜன்னலில் பிறந்தது. பிறந்தது என்றால் ஏதோ பெரிய காரியம் போல இருக்கும். பாத்திரம் கழுவிக்கொண்டே அடுத்த வீட்டைப் பார்த்தேன், அவ்வளவுதான். கையில் வேலை இருக்கிறபடியால் இதை விடுப்பு பார்க்கிறது, அடுத்தவர் வம்பு பார்க்கிறது என்று யாரும் சொல்ல ஏலாது.*

(* சொல்கிறார்கள்.)

முதல் தொடக்கம்: “ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரின் மீது பனி ஒரு வெண்போர்வையாய்...” வேண்டாம். அன்றைக்கு வெறும் தூறல்.

இரண்டாவது தொடக்கம்: “மனித உறவுகளும் ஒருவகையில் வெப்பமூட்டிகளே, அவை...” இதை எழுதியது நான்தான். அடித்ததும் நான்தான்.

மூன்றாவது: நவரத்தினம் அண்ணை வீட்டு பொய்லர் எரிந்தது, நின்றது, எரிந்தது, நின்றது.

சரி, இது நிற்கட்டும்.

2

நவரத்தினம் அண்ணை எங்கள் ஊரில் ட்ராம் ஓட்டுகிறவர். பக்கத்து மாடிவீட்டை வாங்கி, கீழே மனைவி யோகம் அக்காவோடு இருக்கிறார். மேல்வீட்டில் வாடகைக்கு சாருலதாவும் அஷ்வினும். கோயம்புத்தூர்ப் பிள்ளைகள், கணினி வேலை, கைக்குழந்தை. இரண்டு வீட்டையும் சூடாக்க நிலவறையில் ஒரே பொய்லர்.

மார்கழி பிறந்ததிலிருந்து சாருலதா படியிறங்கி வந்து முறையிடத் தொடங்கினாள்.

“அங்கிள், நீங்க டியூட்டிக்குப் போனதும் ஹீட்டிங் ஆஃப் ஆகுது. கொஞ்ச நேரத்துல ஆன் ஆகுது, திரும்ப ஆஃப். பாப்பா மூக்கு ஐஸ் மாதிரி இருக்கு.”

“நான் வீட்டிலை நிக்கேக்கை வடிவா எரியுது, பிள்ளை. என்னைக் கண்டு பயப்பிட அதென்ன, டிக்கெட் எடுக்காமல் ஏறின ஆளோ?”

“அப்ப நான் பொய் சொல்றேனா?”

“நான் அப்பிடிச் சொல்லேல்லை. நீர்தான் சொல்லுறீர்.”

(இது எனக்கு எப்படிக் கேட்டது என்று கேட்காதீர்கள். கதாசிரியர்களுக்கு எல்லாம் கேட்கும். வேலியும் அவ்வளவு உயரமில்லை.)

அண்ணை சும்மா இருக்கவில்லை. ரேடியேட்டர்களில் அடைபட்ட காற்றைத் திறந்துவிட்டார். பொய்லருக்குத் தண்ணீர் ஏற்றினார். யூடியூபில் தாடிவைத்த ஒரு ஜெர்மன்காரர் சொன்ன எல்லாவற்றையும், தாடி ஒன்றைத் தவிர, செய்து பார்த்தார். கடைசியில் ஒரு லீவு நாளில் பென்ஜமின் என்ற மெக்கானிக்கை நேரம் குறித்து, டெர்மின் எடுத்துக் கூப்பிட்டார். அன்றைக்குப் பொய்லர் பூனைக்குட்டி மாதிரிச் சாதுவாக எரிந்தது.

அன்று மாலை அண்ணை யோகம் அக்காவிடம் சொன்னார்:

“இஞ்சரும், வாடகையைக் குறைக்கத்தான் உந்தக் கதை. பென்ஜமின் இன்னொருக்கா வந்து பாக்கட்டும். அப்பவும் ஒண்டுமில்லை எண்டால், மேல்வீட்டாரை வேற வீடு பாக்கச் சொல்லப்போறன்.”

கைக்குழந்தையோடு இந்த ஊரில் வீடு தேடியவர்களுக்கு இந்த வாக்கியத்தின் குளிர் விளங்கும். மற்றவர்களுக்காக இன்னொரு வாக்கியம் எழுதப் பார்த்தேன்: “வீடு என்பது வெறும் நான்கு சுவர்...” இல்லை. விட்டுவிட்டேன்.

3

இப்போது ஒரு பாத்திரத்தின் மீது எனக்குச் சந்தேகம்.

முதல் பிரதியில் யோகம் அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவா. அவ்வளவுதான் அவவின் வேலை. ஆனால் எழுத எழுத எனக்கே வாயூறியது. ஏனென்றால் யோகம் அக்காவின் ஆட்டிறைச்சி ரோல்ஸை அறியாத தமிழ் வாய் இந்த ஊரில் இல்லை.

வீடு வாங்கிய அன்றே அண்ணை கட்டளை போட்டிருந்தார்: “வீட்டுக்காரன்ரை மனிசி ஊருக்குப் பொரிச்சுக் குடுக்கிறதோ? இனி விடும்.”

அக்கா “ஓம்” என்றா. அந்த ஓமை நம்பி அண்ணை ட்ராமுக்குப் போனார்.

அவர் தெருமுனை தாண்ட, அக்கா பின்முற்றத்துக்குக் காஸ் அடுப்பைக் கொண்டுவருவா. வீட்டுக்குள் மணம் நிற்கக் கூடாதல்லவா. கூரை விளிம்புக்குக் கீழே, சுவரோரம், மழை படாத இடம். பொரிக்கிற தாச்சி, எண்ணெய், ரோல்ஸ். யாருடைய பிறந்தநாள் என்றாலும் அக்காவின் கைதான். பிறந்தநாள் மண்டபத்துக்கு அண்ணையும் போவார், ஒன்றைக் கடித்து மெல்லுவார், சொல்லுவார்: “யோகம் முந்திச் செய்தமாதிரித்தான் கிடக்கு. ஆனால் அந்தக் கை வராது.”

நாங்கள் எல்லோரும் அந்த மண்டபத்துக் கூரையைப் பார்ப்போம்.

4

என் ஜன்னலிலிருந்து இரண்டு புகை தெரியும். பொய்லர் எரிந்தால் கூரைக் குழாயில் வெள்ளைப் புகை. அக்கா பொரித்தால் பின்முற்றத்தில் நீலப் புகை. இரண்டும் ஒருநாளும் சேர்ந்து வந்ததில்லை.

உள்ளி கடன் கேட்கிற சாட்டில் போனேன். அடுப்புக்கு நேர்மேலே சுவரில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி. பழைய வீட்டுக்காரர் விட்டுப்போன செத்த அழைப்புமணி என்று அண்ணை நினைத்திருந்த பெட்டி. அதிலிருந்து ஒரு வயர் நிலவறைக்குள் போகிறது. வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடினேன். வெளியே எவ்வளவு குளிர் என்று பொய்லருக்குச் சொல்லுகிற பெட்டியாம். அக்கா தாச்சி வைத்தால் அந்தப் பெட்டிக்குக் கோடைகாலம், பொய்லர் நின்றுவிடும். தாச்சியை இறக்கினால் மறுபடி தை மாதம்; எரியும்.

வேலியோரம் அக்காவிடம் சொன்னேன்.

“அப்ப அந்தக் குழந்தை குளிருக்கை கிடந்தது என்னாலையோ?”

“ஓம் அக்கா.”

“அடுப்பைத் தள்ளி வைக்கிறன்.”

“வைச்சால் பொய்லர் திருந்தும், பென்ஜமினும் ஒண்டுமில்லை எண்டுதான் சொல்லுவார். சாருலதா பொய் சொன்னவளாகவே வீட்டை விட்டுப் போவாள்.”

அக்கா என்னைப் பார்த்தா. “இதை எழுதப் போறீரோ?”

“எழுதிட்டன். முடிவுதான் இல்லை.”

“பொய்லருக்கு வயசு போட்டுது எண்டு எழுதி முடியும்,” என்று ஒரு பை சூடான ரோல்ஸ் தந்தா.

(இதை லஞ்சம் என்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு அந்தப் பை கிடைக்கவில்லை.)

5

முடிவு அ: பொய்லருக்கு வயசு போட்டுது. புதிது வாங்கினார்கள். (ரோல்ஸ் நல்ல ருசி. முடிவு இல்லை.)

முடிவு ஆ: மணம் பிடித்துக் கீழே வந்த சாருலதா எல்லாம் விளங்கி, யோகம் அக்காவைக் கட்டிப்பிடித்து... (அவள் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். கட்டிப்பிடிக்கிற முகமில்லை.)

முடிவு இ: நானே போய், “அண்ணை, ஒரு விசயம்...” (பிறகு எனக்கு ரோல்ஸ் யார் தருவது?)

6

சனிக்கிழமை பென்ஜமின் இரண்டாம் தரம் வந்தார். அண்ணைக்கு லீவு. நிலவறையில் அவர்கள் இரண்டு பேரும், குழந்தையைப் போர்த்தித் தூக்கிக்கொண்டு சாருலதாவும். கூரைப் புகை நேராக, நல்ல பிள்ளையாக எழும்பியது. நான் கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

பின்கதவு திறந்தது. யோகம் அக்கா அடுப்போடு வந்தா. அதே இடத்தில், வெள்ளைப் பெட்டிக்கு நேர்கீழே வைத்துப் பற்றவைத்தா. என் ஜன்னலை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தா. எண்ணெய் காய்ந்ததும் ரோல்ஸைப் போட்டா.

கூரைப் புகை மெலிந்தது. நின்றது.

நிலவறை ஜன்னல் வழியாக சாருலதாவின் குரல்: “பாருங்க அங்கிள், ஆஃப் ஆயிடுச்சு. இப்ப நீங்க இங்கதான் நிக்கறீங்க.”

பென்ஜமின் ஜெர்மனில் சொன்னார், வெளியே முப்பது பாகை வெயில் என்று பொய்லர் நினைக்கிறதாம்.

இனி அந்தப் பிள்ளையை யாரும் பொய் சொன்னவள் என்று அனுப்ப ஏலாது. அதற்கு நான் பொறுப்பு. யோகம் அக்காவுக்கு இனி என்ன நடக்கும் என்பதற்குத்தான் என்னால் பொறுப்பெடுக்க முடியவில்லை.

படிகளில் அண்ணையின் காலடி. பின்கதவுக்கு முதலில் அவர் மூக்குத்தான் வந்தது. அது எத்தனையோ பிறந்தநாள் மண்டபங்களை அடையாளம் கண்டுகொண்டிருக்க வேண்டும். தாச்சியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். வாய் திறக்கிறார்...

இந்த இடத்தில் பேனையை உங்களிடம் தருகிறேன். அவர் கத்தலாம், கதிரையை இழுத்துப்போட்டு உட்காரலாம், உங்கள் விருப்பம். ஆனால் கெதியாக எழுதுங்கோ. அக்கா கரண்டியைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறா. தாச்சிக்குள் ரோல்ஸ் ஒரு பக்கம் சிவந்துவிட்டது.