மூன்றாவது பாட்டில் ஒரு அடி

ஆல்பம் வெளிவந்தபோது வாங்கியவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர்கள். அவர்களும் கேட்டார்களா என்பது சந்தேகம்தான். மேத் ராக் என்கிற கணக்குத் தாள ராக் இசை அப்படி. நாலு நாலாக எண்ணித் தலையாட்டிப் பழகியவனை ஏழாகவும் பதினொன்றாகவும் எண்ணச் சொன்னால் எழுந்து போகாமல் என்ன செய்வான்? தங்கை பேஸ் கிதார், அவள் கணவன் கிதார், அண்ணன் டிரம்ஸ். ஆல்பம் கிணற்றில் போட்ட கல்லானது, குழு கலைந்தது. அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கப் போய்க் கண்ணாடிக்காரர் ஆனார்.

விற்காததால் கலைந்தார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். உண்மைக் காரணம் அவருடைய இடது கை. டிரம் குச்சியைப் பிடித்ததும் கடைசி இரண்டு விரலும் தாமாக உள்ளே மடங்கிக்கொள்ளும். குச்சியைக் கீழே வைத்துவிட்டால் சாதுவாகிவிடும். சட்டைப் பொத்தான் போடும், லென்ஸின் விளிம்பை மயிரிழை பிசகாமல் தேய்க்கும். டாக்டர் நரம்பைக் குறை சொன்னார், மாத்திரை கொடுத்தார், கடைசியில் கையை விரித்தார். அவர் கையாவது விரிந்ததே என்று கண்ணாடிக்காரர் வீட்டுக்கு வந்தார்.

அந்தக் கோளாறு முதலில் தலைகாட்டியது ரெக்கார்டிங் அறையில், மூன்றாவது பாட்டில். ஏழாவது அடி இம்மியளவு பிந்தி விழுந்தது. அடுத்த குழு வாசலில் காத்திருந்ததால் அப்படியே விட்டுவிட்டார்கள்.

வருஷங்கள் கழித்து யாரோ ஒரு புண்ணியவான் ஆல்பத்தை இணையத்தில் ஏற்ற, ஒருவர் சொல்லி ஒருவர் கேட்டு, ரசிகர்கள் முளைத்தார்கள். அவர்கள் உயிரை விட்டது அந்த ஒரு அடிக்காகத்தான். 'இன்னொரு படி இருக்குன்னு நினைச்சுக் காலை வைப்போமே, அப்படி இருக்கு' என்று ஒருத்தி எழுதியிருந்தாள். 'கில்லாடி டிரம்மர், வேணும்னே காக்க வைக்கிறார்' என்றான் இன்னொருவன். கண்ணாடிக்காரர் திரும்பத் திரும்பப் படித்துச் சந்தோஷப்பட்டார். சந்தோஷப்பட்டதற்காகத் தன்மேலேயே எரிந்தும் விழுந்தார்.

ரசிகர்களே ஒரு சின்ன அரங்கைப் பிடித்து, முழு ஆல்பத்தையும் வாசிக்கக் கூப்பிட்டார்கள். தங்கை கணவர் கடைக்கே வந்துவிட்டார்.

"ஒரே ஒரு நாள், மச்சான். நீங்க வந்து உக்காந்தா போதும்."

"சும்மா உக்கார்றதுக்கு எந்த நாற்காலியும் போதுமே, மாப்ள. டிரம்ஸ் முன்னாடி எதுக்கு?"

"கை இன்னும் அப்படியேதான் இருக்கா?"

"வேற யாரையாவது போட்டுக்கங்க. கையைப் பத்தி மட்டும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. நான் வேணும்னே வாசிச்சதாவே இருந்துட்டுப் போகட்டும். எனக்குன்னு மிஞ்சினது அது ஒண்ணுதான்."

கச்சேரி அன்று கண்ணாடிக்காரர் கடைசி வரிசையில் ஒதுங்கி உட்கார்ந்தார். புதிதாகச் சேர்ந்த டிரம்மர் பெண், பிந்தும் அடியை அச்சு அசலாகப் பிந்தியே வைத்தாள். அரங்கம் முழுக்க உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன. அந்த இடத்தில் எல்லோரும் மூச்சைப் பிடித்து விட்டார்கள்.

பக்கத்தில் இருந்த குண்டு மனிதர் அவரையே உற்றுப் பார்த்தார். "ஆல்பம் அட்டையில இருக்கிறது நீங்கதானே சார்?"

இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அந்த மனிதர் நாற்காலிமேல் ஏறிக் கத்திவிட்டார். அத்தனை தலையும் திரும்பியது. அன்பாகத்தான் தள்ளினார்கள், முதுகில் தட்டித் தட்டி மேடைவரை கொண்டுபோய் விட்டார்கள். "அந்த ஒரு இடம் மட்டும்!"

தங்கை மைக்கைப் பிடித்தாள். "தப்பா நினைக்காதீங்க, அண்ணனுக்குக் கை..."

வேண்டாம் என்று அவர் தலையை அசைத்தார். அவள் நிறுத்திவிட்டாள்.

உட்கார்ந்தார். இன்றைக்கு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்று விரல்களிடம் கெஞ்சினார். வலது கை ஆறு அடிகளையும் சுத்தமாக வைத்தது. ஏழாவது இடது கையின் அடி. விரல்கள் மடங்கின, குச்சி நழுவியது. நழுவிய குச்சி டிரம்மின் மேல் விழுந்து, உருண்டு, தரைக்குப் போனது. ஆல்பத்தில் இருந்ததைவிட அதிகமாகவே பிந்தியிருந்தது.

அரங்கம் அதிர்ந்தது. விசிலடித்தார்கள், சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!"

தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புது டிரம்மர் குனிந்து குச்சியை எடுத்து, மிகுந்த மரியாதையோடு அவருடைய இடது கையிலேயே கொடுத்தாள்.