இடம் பிடிக்க வந்த பிள்ளை

ஜன்னல் வழியே முதலில் இரண்டு சின்னக் கால்கள்தான் வந்தன, பிறகு ஒரு பூப்போட்ட கவுன், பிறகு மூக்கொழுகும் ஒரு முகம், அக்கா, இதை அந்த சீட்டுல உக்கார வைங்க, சுத்தி வந்து ஏறிர்றேன் என்று கீழேயிருந்து ஒரு குரல், அவ்வளவுதான், யோசிப்பதற்குள் ஜெயக்கொடியின் கைகள் நீண்டு பிள்ளையை வாங்கிவிட்டன, முகூர்த்த நாளில் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் இப்படித்தான் இடம் பிடிப்பார்கள், துண்டைப் போடுவார்கள், பையைப் போடுவார்கள், ஒன்றும் இல்லாவிட்டால் பெற்ற பிள்ளையையே போடுவார்கள், அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பேருந்து புறப்பட்டது. பிள்ளையைக் கொடுத்தவள் பின்படிக்கட்டு நெரிசலில் நின்றிருப்பாள் என்று ஜெயக்கொடி நினைத்துக்கொண்டாள், ஊர் எல்லை தாண்டியதும் டிக்கெட் போட வந்த கண்டக்டர், புள்ளையோட அம்மா யாருங்க என்று கேட்க, அந்தக் குரல் கடைசி சீட்டுவரை போய் வெறுமனே திரும்பி வந்தது.

எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள், முன்சீட்டுக்காரர், இப்பல்லாம் இது ஒரு டெக்னிக்குங்க, புள்ளையக் குடுத்துட்டு, பின்னாடியே வந்து கடத்திட்டான்னு ஊரக் கூட்டுவாங்க என்கிறார், பக்கத்தில் நின்ற பெண் முந்தானையை இழுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி நிற்கிறாள், குடிக்கக் கொஞ்சம் மோர் கிடைக்குமாக்கா என்று யாரோ கேட்கிறார்கள், இல்லை, அது இங்கே இல்லை, வீட்டு வாசலில், போன சித்திரை வெயிலில், நிறைமாத வயிறும் காய்ந்த உதடுமாக ஒருத்தி கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், ஜெயக்கொடி அவளைக் கைத்தாங்கலாக உள்ளே அழைத்து வந்து ஃபேனைப் போட்டு மோர் கொடுத்துவிட்டு, சாப்பிடவும் ஏதாவது தரலாம் என்று அடுக்களைக்குப் போய் வருவதற்குள் டம்ளர் இருந்தது, ஆள் இல்லை, சாமி அலமாரியில் கழற்றி வைத்திருந்த சங்கிலியும் இல்லை, நிறைமாத வயிறு தெருமுனைக் குப்பைத்தொட்டியில் பழைய சேலைச் சுருளாகக் கிடந்தது. அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் அவள் கணவர் அழகுராசா, மோர் குடிக்கிறீங்களா, எங்க வீட்டம்மா சங்கிலியோட தருவா என்பார், சொந்தக்காரர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், இனிமேல் முகம் தெரியாத யாருக்கும் எதுவும் செய்வதில்லை என்று மகள் தலைமேல் சத்தியமும் வாங்கிவிட்டார். ஆனால் கனவில் அவள் வருவாள், அதே ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் ஊத்துங்கக்கா என்று டம்ளரை நீட்டுவாள், ஜெயக்கொடியும் ஊற்றுவாள், விழித்ததும் தன்மேலேயே எரிச்சலாக வரும், வயிறு பொய், மயக்கம் பொய், ஒரே மூச்சில் குடித்தாளே அந்தத் தாகமுமா பொய், இதை அழகுராசாவிடம் கேட்டால் அதற்கும் ஒரு சிரிப்பு வைத்திருப்பார்.

மடியில் பிள்ளை ம்மா என்று அழத் தொடங்கிவிட்டது, வத்தலக்குண்டு போயி ஸ்டேஷன்ல ஒப்படைச்சிருங்கம்மா, நமக்கெதுக்கு என்கிறார் கண்டக்டர், அவர் சொல்வது நியாயம்தான், அங்கேதான் நாத்தனார் வீட்டு விசேஷம், முன்னாடியே போய்விட்ட அழகுராசாதான் இப்போது போனில் அழைத்துக்கொண்டே இருக்கிறார், அவள் எடுக்கவில்லை. பின்னால் தார்ச்சாலையில் ஒருத்தி தலைவிரிகோலமாக ஓடி வருகிறாள் என்று தோன்றுகிறது, இல்லை, பிள்ளையைத் தொலைத்த நிம்மதியில் வேறு பக்கம் நடந்துகொண்டிருக்கிறாள் என்றும் தோன்றுகிறது, ஓடி வருகிறவளாக இருந்தால் இந்தப் பேருந்து நகர நகர அவள் உயிரல்லவா போகும், நிறுத்துங்க, நான் எறங்கிர்றேன் என்றாள் ஜெயக்கொடி. வம்ப வெலைக்கு வாங்குறீங்க என்று சொல்லிக்கொண்டே கண்டக்டர் விசிலடித்தார்.

இறங்கிய இடத்தில் ஒரு டீக்கடையும் ஒரு புளியமரமும், திண்டுக்கல்லிலிருந்து யார் வந்தாலும் கண்ணில் படட்டும் என்று நிழலை விட்டு வெயிலில் நிற்கிறாள், பிள்ளை வில்லாக வளைந்து வீறிடுகிறது, யார் புள்ளைம்மா என்று டீக்கடைக்காரர் கேட்க, தெரியலண்ணே, பஸ்ல வாங்குனேன் என்றாள், சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கிறது என்று அவளுக்கே உறைத்தது. ஆட்கள் சூழ்ந்துவிட்டார்கள், ஒருவன் செல்போனில் படம் பிடிக்கிறான், பிள்ளை பிடிக்கிறவ என்ற சொல் பின்னாலிருந்து வருகிறது, எங்கெங்கோ அடித்தே கொன்றார்களாமே, அந்தச் செய்திகளெல்லாம் நினைவுக்கு வருகின்றன, போலீசக் கூப்பிடுங்க, நான் எங்கயும் ஓட மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டாள், அப்போதுதான் யாரோ ஒருவருடைய பைக் வந்து நின்றது, பின்னாலிருந்து ஒற்றைச் செருப்போடு ஒருத்தி குதித்து ஓடி வந்து பிள்ளையைப் பிடுங்கினாள்.

அவள் விரல்கள் முதலில் போனது பிள்ளையின் கால்களுக்கு, இரண்டு கொலுசையும் தடவிப் பார்த்தன, பிறகு காதுத் தோட்டுக்குப் போயின, ஜெயக்கொடிக்குச் சுருக்கென்றது, வெயிலில் இத்தனை பேரிடம் பேச்சு வாங்கி நின்றதற்கு இதுவா என்று ஒரு கணம் தோன்றியது, மறுகணம் வெறும் அலமாரியைத் தடவி நின்ற தன் விரல்களே அங்கே அலைவதுபோல் இருந்தது, இத்தனை நேரம் முகம் தெரியாதவளை நம்பியது நான்தான் என்றல்லவா நினைத்திருந்தேன், அவளுக்கு நானல்லவா முகம் தெரியாதவள், கையிலிருந்ததையெல்லாம் தூக்கிக் கொடுத்தவள் அவளல்லவா. அந்தக் காதையும் பாத்துக்கத்தா என்றாள் ஜெயக்கொடி, குரலில் கோபம் இல்லை. அவ்வளவுதான், அந்தப் பெண் உடைந்துபோனாள், பைய எடுக்கத் திரும்புனேன்க்கா, அதுக்குள்ள வண்டி கெளம்பிருச்சு, வழியெல்லாம் உங்கள என்னென்னமோ நெனச்சுட்டேன் என்று அழுதாள், நானுந்தான் ஒன்னய நெனச்சேன் என்று ஜெயக்கொடியும் அழுதாள்.

அடுத்த பேருந்து பிதுங்க பிதுங்க வந்தது, ஜன்னலோரம் ஒருவர் இறங்க எழுந்ததைப் பார்த்ததும் அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், இவளை வச்சுக்கங்கக்கா, நான் ஏறி வாங்கிக்கிறேன் என்று பிள்ளையை மறுபடி ஜெயக்கொடியின் கையில் போட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் புகுந்துவிட்டாள், இவ்வளவு பட்டும் என்ன பெண் இவள் என்று நினைப்பதற்குள் ஜன்னலில் இரண்டு கைகள் நீண்டன, ஜெயக்கொடி தூக்கிக் கொடுத்தாள், முதலில் கால்கள், பிறகு கவுன், பிறகு அழுது சிவந்த முகம், பிறகு அவளும் முண்டியடித்து ஏறிப் பார்த்தபோது அந்தப் பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள், சீட்டில் பிள்ளை மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தது, உட்காரப் போன ஒருவரிடம் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள், ஆளிருக்கு, எங்க அக்கா வர்றாங்க.